இன்ஸ்பெக்டர் பிரெட்ரிக்ஸை விட்டுவிட்டீர்களே

அன்புள்ள ஆசிரியருக்கு,

சோனி தொலைக்காட்சியின் 'சிஐடி' என்ற இந்தி துப்பறியும் தொடர் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஏசிபி (உதவி போலீஸ் கமிஷனர்) பிரத்யுமன், அபிஜீத், தயா மூவரைப் பற்றியும் விரிவாக எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் இன்ஸ்பெக்டர் பிரெட்ரிக்ஸின் பெயர் ஓரிடத்தில்கூட வரவில்லை. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

1998 ஜனவரியில் தொடங்கிய அந்தத் தொடர் 2018 அக்டோபர் வரை 1,500 எபிசோடுகளைத் தாண்டி ஓடியது. அமெரிக்காவின் 'லா அண்ட் ஆர்டர்' தொடரும் 1990 முதல் 2010 வரை இருபது ஆண்டுகள் ஓடியதுதான். அதில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். முதல் சீசனின் முக்கிய நடிகர்களில் ஒருவர்கூட 2010இல் இல்லை. வழக்கு சுவாரசியமாக இருந்தால் அங்கே போதும். சிஐடி அப்படியா? கதை சுமாரான வாரங்களிலும் (அவை நிறையவே உண்டு) நாம் உட்கார்ந்து பார்த்தது அந்த முகங்களுக்காக. ஏசிபியாக நடித்த சிவாஜி சாட்டம் கைவிரல்களைச் சுழற்றி யோசிப்பதும், தயாவாக நடித்த தயானந்த் ஷெட்டி கதவை உடைப்பதும், தடயவியல் ஆய்வகத்தில் டாக்டர் சாலுங்கேயும் ஏசிபியும் முட்டிக்கொள்வதும் இந்தி தெரியாதவர்களுக்கும் மனப்பாடம்.

அந்தக் கூட்டத்தில் தினேஷ் பட்னிஸ் செய்த பிரெட்ரிக்ஸின் வேலை சாதாரணமானதல்ல. வாரா வாரம் பிணத்தில் தொடங்கும் ஒரு தொடரைக் குழந்தைகளும் பயமில்லாமல் பார்க்க முடிந்ததற்கு அவர்தான் பெரிய காரணம் என்பேன். பேய் என்றால் நடுங்குவார், மனைவியின் பெயரைச் சொன்னால் பம்முவார். ஆனாலும் அவரைக் கோமாளி என்று ஒதுக்கிவிட முடியாது. கடமை என்று வந்தால் அவரும் முழுப் போலீஸ்காரர். இந்தச் சமநிலை தவறாமல் ஒரு பாத்திரத்தை இருபது வருடம் கொண்டுபோவது எத்தனை பேருக்குக் கைவரும்? சில எபிசோடுகளுக்குக் கதை எழுதியவரும்கூட. 2023 டிசம்பரில் 57 வயதில் அவர் காலமானபோது, சொந்தத்தில் ஒருவர் போனதுபோல அழுத ரசிகர்களை எனக்குத் தெரியும்.

அதனால்தான் 2025 ஏப்ரலில் நடந்தது எனக்குக் கோபத்தைத் தந்தது. 2024 டிசம்பரில் மீண்டும் தொடங்கிய தொடரில், ஏசிபி பிரத்யுமன் குண்டுவெடிப்பில் இறந்ததாகக் காட்டினார்கள். சரி, கதையில் யாரும் சாகலாம். ஆனால் '1998 - 2025' என்று வருடம் போட்டு சேனலே அஞ்சலிப் படம் வெளியிட்டது. அந்த வேடத்தில் நடிப்பவர் அதே மாதம் 75 வயதை நிறைவு செய்தவர்! அப்புறம் கொஞ்ச நாளில் பாத்திரத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நிஜமாகவே ஒருவரைப் பறிகொடுத்த ரசிகர்களிடம் இப்படி விளையாடலாமா? இடையில் புது ஏசிபியாக வந்த பார்த் சம்தானுக்கும் இது அநியாயம். நல்ல இளைஞர். ஆத்திரத்தில் இருந்தவர்கள் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள்.

நீங்கள் இந்தத் தொடரைப் பற்றி மறுபடி எழுதும்போது தினேஷ் பட்னிஸுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். முடிந்தால், அவருடன் நடித்தவர்களிடமே கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்