கல்லிடைக்குறிச்சி ஆற்றங்கரை நந்தவனம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

பொதுக்குழுவுக்கு வணக்கம்.

இவ்வாண்டு செயற்குழு ஆறு முறை கூடியது. ஆடிப்பெருக்கன்று படித்துறையில் விளக்கேற்றப்பட்டது. தை மாதத்தில் உழவாரப் பணி நடைபெற்றது. அதற்கு மண்வெட்டியுடன் வந்தவர்கள் பதினொருவர், படம் எடுக்கும் நேரத்தில் நின்றவர்கள் நாற்பதுக்கும் மேல் என்பதைப் பதிவேட்டின் பொருட்டுக் குறிப்பிடுகிறேன்.

நந்தவனத்தின் நடுத் தட்டில் மண் சரியாமல் தாங்கும் சுவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. இரண்டு வாரத்து வேலையைச் செயலாளர் எட்டு மாதம் இழுத்தடித்தார் என்ற பேச்சு என் காதுக்கும் எட்டியது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், இடைவிடாத மழையோடு பாபநாசம், சேர்வலாறு அணைகளின் நீரும் சேர்ந்து தாமிரபரணியில் பெருகியபோது, கீழ்த் தட்டு முழுவதும் மூழ்கி நடுத் தட்டிலும் பாதி வரை வெள்ளம் ஏறியது. அப்போது நின்ற சுவர், வெள்ளம் வடிந்த மறுநாள்தான் சரிந்தது. பழைய கருங்கல் கட்டில், மண்ணில் ஊறிய நீர் கல்லிடுக்குகள் வழியே கசிந்து வெளியேறும். முன்பொரு முறை பழுதுபார்த்தவர்கள் அந்த இடுக்குகளையெல்லாம் சிமெண்டால் பூசி அடைத்திருந்தார்கள். ஆறு இறங்கிய பின்னும் உள்ளே தேங்கிய நீர் வெளியேற வழியின்றிச் சுவரையே ஆற்றுப் பக்கம் தள்ளிவிட்டது. அதே சிமெண்டை மீண்டும் பூசச் சொன்ன உறுப்பினர்களுக்கு இதைவிட விளக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சுவருக்குப் பின்னால் சரளை நிரப்பி, சுண்ணாம்பும் மணலும் அரைத்துக் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் சேர்த்த காரையில் கற்களை அடுக்கினோம். அந்தக் காரை மெல்லத்தான் இறுகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலையை நிறுத்தத்தான் வேண்டியிருந்தது. வெள்ளம் விட்டுச்சென்ற வண்டலை வெளியே கொட்டாமல் அந்தத் தட்டிலேயே பரப்பியதில், நந்தியாவட்டையும் செவ்வரளியும் இவ்வாண்டே பூத்துவிட்டன.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். கொத்தனார் கூலியும் கல் ஏற்றிய வண்டி வாடகையும் எதிர்பார்த்ததைவிடக் கூடிப்போனதால் கையிருப்பு சொற்பம். சில சில்லறைக் கடன்கள் என் பெயரில் நிற்கின்றன. உறுப்பினர் அறுபத்து நால்வரில் சந்தா செலுத்தியவர்கள் இருபத்து மூவர். சுவர் தாமதமானதைப் பற்றிப் பேசியவர்களில் பெரும்பாலோர் மீதி நாற்பத்தொருவரில் அடங்குவர்.

தண்ணீர்த் தொட்டி அளித்தவர்களுக்கும், கொத்தனார்களுக்கும், கூட்டத்திற்கு இடமளித்தவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் கீழ்த் தட்டின் சுவரை எடுத்துக் கட்ட வேண்டும். அதை நானே தொடர்வதா, வேறொருவர் ஏற்பதா என்பது சபையின் விருப்பம். நீற்றிய சுண்ணாம்பு குழியில் தண்ணீருக்கடியில் எத்தனை மாதமானாலும் கிடக்கும். முன்பணம் இல்லாமல் கொத்தனார் அப்படிக் காத்திருக்கமாட்டார். பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசலருகே அமர்ந்திருக்கிறார்.

இங்ஙனம்,
செயலாளர்