செல்வியின் இரண்டாம் பருவம்

அன்பு மகன் சங்கருக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். மேலத்தெரு ராஜா செவ்வாய்க்கிழமை சார்ஜாவுக்குத் திரும்புகிறான். அவன் கையில் இட்லிப்பொடியும் இந்தக் கடிதமும் கொடுத்துவிடுகிறேன். போனில் பேசினால் “சரிம்மா, சரிம்மா” என்று வைத்துவிடுவாய். அந்தச் “சரிம்மா”வும் ஆடிப்பெருக்கோடு நின்றுவிட்டது. வேலை அதிகம் என்று மீனாவிடம் சொன்னாயாம். இருக்கட்டும்.

காலாண்டு விடுமுறை முடிந்து வரும் திங்கட்கிழமை செல்விக்கு இரண்டாம் பருவம் தொடங்குகிறது. நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதுதான் கனமான பருவம். அவள் என்ன படிக்கப்போகிறாள், எங்கே இடறுவாள் என்று எழுதுகிறேன். அவளோடு பேசும்போது “சாப்பிட்டியா” என்பதற்கு மேல் கேட்க உனக்கும் ஏதாவது வேண்டுமல்லவா.

முதலில் கழித்தல். அது போன பருவத்துப் பாக்கி. அதைச் சரி செய்யாமல் வகுத்தலுக்குள் போகவே முடியாது, ஏனென்றால் வகுத்தலின் ஒவ்வொரு படியிலும் ஒரு கழித்தல் இருக்கிறது. 5003-லிருந்து 1786-ஐக் கழிக்கச் சொன்னால் செல்வி 4783 என்று எழுதுகிறாள். எப்படி வந்தது என்று பார். ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறாள். 3-லிருந்து 6 போகாது என்றதும் 6-லிருந்து 3-ஐ எடுத்துவிட்டாள். கவனக்குறைவு இல்லை, அவளாக ஒரு விதி செய்துகொண்டிருக்கிறாள். “ஒழுங்காப் போடு” என்று சொன்னால் அதே விதியை இன்னும் ஒழுங்காகப் போடுவாள்.

நாங்கள் அந்தக் காலத்தில் “பக்கத்து வீட்டில் கடன் வாங்கு” என்று சொல்லிக்கொடுத்தோம். இப்போது புத்தகத்தில் இனமாற்றம் என்கிறார்கள். அதுதான் சரி. அது கடனே இல்லை, கையில் இருக்கும் நோட்டைச் சில்லறையாக மாற்றுவதுதான். 5003 ரூபாயில் ஓர் ஆயிரத்தை மாற்றினால் பத்து நூறு. அதில் ஒரு நூறை மாற்றினால் பத்துப் பத்து. அதில் ஒன்றை மாற்றினால் பத்து ஒன்று. கடைசியில் கையில் 4 ஆயிரம், 9 நூறு, 9 பத்து, 13 ஒன்று. தொகை மாறவே இல்லை. இப்போது கழித்தால் 3217. நடுவில் இரண்டு பூச்சியம் வரும்போதுதான் பிள்ளைகள் மிரளுவார்கள். அட்டையில் நோட்டு வெட்டி வைத்திருக்கிறேன், ஒரு வாரம் அதிலேயே மாற்றிப் பார்க்கட்டும்.

கடன் என்றதும் நினைவு வருகிறது. சித்தப்பா போன வாரம் வந்திருந்தார். அவசரமில்லை என்று அவராகவே சொன்னார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

வகுத்தலில் மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்க வேண்டும். 612-ஐ 6 பேருக்குப் பிரித்தால் ஈவு 12 என்று எழுதுவாள், பார்த்துக்கொள். பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் எழுதுவார்கள். ஆறு நூறு இருக்கிறது, ஆளுக்கு ஒரு நூறு. அடுத்து இருப்பது ஒரே ஒரு பத்து. அதை நோட்டாக ஆறு பேருக்குக் கொடுக்க முடியாது. கொடுக்க முடியவில்லை என்பதற்கு அடையாளமாகப் பத்தின் இடத்தில் 0 போட வேண்டும். அந்த 0-வைத்தான் விட்டுவிடுவார்கள். பிறகு பத்தைச் சில்லறையாக்கி இரண்டோடு சேர்த்தால் 12, ஆளுக்கு 2. ஈவு 102. “அறுநூறு ரூபாய்க்கு மேல இருக்கே, ஆறு பேருக்குப் பிரிச்சா ஆளுக்குப் பன்னிரண்டுதானா?” என்று மட்டும் கேள். விடையைச் சொல்லாதே. மீதி எப்போதும் வகுத்தியைவிடச் சிறியதாக இருக்க வேண்டும் என்பதையும் கேட்டுப் பார். 75-ஐ 4-ஆல் வகுத்து ஈவு 17, மீதி 7 என்று எழுதினால், அந்த 7-க்குள் இன்னொரு 4 இருக்கிறதே என்று அவளே கண்டுபிடிக்க வேண்டும்.

ஈரிலக்கப் பெருக்கலில் தவறு வேறு மாதிரி. 34 × 26 போடும்போது இரண்டாவது வரியில் 680 எழுத வேண்டிய இடத்தில் 68 எழுதி 204-ஓடு கூட்டி 272 என்பாள். பெருக்குவது 2-ஆல் அல்ல, 20-ஆல். கணக்குப் போடும் முன்பே “சுமாரா எவ்வளவு வரும்?” என்று கேட்டுவிடு. முப்பது இருபத்தைந்து எழுநூற்றைம்பது. அது மனதில் இருந்தால் 272 எழுதும்போதே கை நிற்கும். சரியான விடை 884.

வாய்பாட்டில் ஏழு வரை நன்றாக வருகிறது. எட்டில் திணறுகிறாள். எட்டேழு வராவிட்டால் எட்டைந்து நாற்பது, எட்டிரண்டு பதினாறு, சேர்த்தால் ஐம்பத்தாறு என்று பிரித்துச் சொல்லலாம். அது குறுக்குவழி இல்லை, ஈரிலக்கப் பெருக்கலின் அடிப்படையே அதுதான்.

நீ போன தடவை அனுப்பிய பழவாசனை ரப்பர் டப்பாவை நான் எடுத்து பீரோவில் வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. தவறு வந்தால் செல்வி தாள் கிழியும்வரை அழிக்கிறாள். அழித்துவிட்டால் எந்தப் படியில் வழி தவறினாள் என்று வாத்தியாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மேலே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் மறுபடி எழுதச் சொல்லியிருக்கிறேன். இனி ரப்பர் அனுப்பாதே. பென்சில் அனுப்பு, போதும்.

தமிழில் கவலையில்லை. உன்னைவிட நன்றாக வாசிக்கிறாள். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தார்களே, அதில் மூன்றாம் வகுப்பிலேயே மலருக்கு வந்துவிட்டாள். எழுத்துப்பிழைதான் கொஞ்சம். வண்டியை “வன்டி” என்கிறாள், கன்றை “கண்று” என்கிறாள். இதற்கு இன எழுத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. ட வந்தால் முன்னால் ண், த வந்தால் ந், ற வந்தால் ன். சொல்லின் முதலில் வருவது ந, ஒருநாளும் ன வராது. தினமும் ஐந்து சொல் சொல்லி எழுதவைத்தால் டிசம்பருக்குள் சரியாகிவிடும். ல, ள, ழ மட்டும் விதியில் அடங்காது, வாய்விட்டு வாசித்துத்தான் வர வேண்டும். போனில் நீ ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிக் கேளேன்.

பருவ முடிவில் தேர்வுக்கு 60 மதிப்பெண், மீதி 40 வகுப்பில் செய்யும் செயல்பாடுகளுக்கு. மதிப்பெண் எவ்வளவு என்று அவளிடம் கேட்காதே. எந்தக் கணக்கில் தவறு வந்தது, எப்படி வந்தது என்று கேள்.

ராஜாவிடம் உன் கம்பெனியைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. அவனும் எதுவும் சொல்லவில்லை. காபியைக் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான்.

உன்னை எட்டாம் வாய்பாட்டுக்காக வகுப்புக்கு வெளியே நிறுத்தினேன். டீச்சர் மகன் என்பதால் மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததைவிட உனக்கு அதிகம் கொடுத்தேன். ஊரான் பிள்ளை தவறு செய்தால் எங்கே தவறியது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நீ தவறு செய்தால் எனக்கு அவமானமாக இருந்தது. நோட்டை என்னிடம் காட்டும் முன் நீ அழித்து அழித்து எடுத்து வருவாய். சுத்தமாக இருக்கிறதே என்று பெருமையாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், சங்கர். அதில் எத்தனை கணக்கு உனக்குப் புரியாமல் போனதோ. எதையும் அம்மாவிடம் சரி செய்த பிறகுதான் காட்ட வேண்டும் என்று நான்தான் உனக்குக் கற்றுக்கொடுத்தேன். அது தவறு. இப்போது அப்படிக் காட்ட வேண்டாம்.

சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளாதே. ராஜா அறையில் இடம் இருக்கிறதாம், பேச்சுவாக்கில் சொன்னான். டிக்கெட் விலை தீபாவளிக்கு ஏறும், அதற்கு முன் வருவதானாலும் வரலாம். நான் எந்தக் கேள்வியும் கேட்கப்போவதில்லை. வீட்டில் அரிசி இருக்கிறது, என் பென்ஷன் இருக்கிறது.

மணிக்கணக்கில்தான் செல்விக்கு இப்போது ஆசை. 10.45-ஐ 11.45 என்கிறாள், மணிமுள் பதினொன்றுக்குப் பக்கத்தில் போய்விடுவதால். 9.40-லிருந்து 11.15 வரை எவ்வளவு நேரம் என்றால் சாதாரணக் கழித்தல் போல் போட்டு 1.75 என்கிறாள். ஒரு மணிக்கு 60 நிமிடம், 100 இல்லை. பத்து மணிக்கு 20 நிமிடம், அங்கிருந்து பதினொன்றுக்கு ஒரு மணி, அப்புறம் 15. மொத்தம் ஒரு மணி 35 நிமிடம் என்று தாவித் தாவிப் போகச் சொல். உன் ஊர் நேரத்தை வைத்தே பழக்கலாம். இங்கே மணி அங்கேயைவிட ஒன்றரை மணி முன்னால். நீ இரவு எட்டுக்குக் கூப்பிட்டால் இங்கே ஒன்பதரை, அவள் தூங்கியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆறரைக்குக் கூப்பிடு, இங்கே எட்டு. அவளை அந்த நேரத்தில் போன் பக்கத்தில் உட்கார வைக்கிறேன். ஆறரை.

இப்படிக்கு,
அம்மா

பி.கு.: கம்பெனி விஷயமாக நான் எழுதியது மீனாவுக்குத் தெரியாது. பொடிக்கு நல்லெண்ணெய் தனியாகக் கட்டிக் கொடுத்திருக்கிறேன், மூடியை நிமிர்த்தி வை.