ஏரி வற்றினால் பறவைகள் போய்விட்டன என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வருடா வருடம் பொங்கல் நெருங்கும்போது உங்கள் பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில் 'வெளிநாட்டுப் பறவைகள் வருகை' என்று படத்தோடு ஒரு செய்தி வரும், வெயில் ஏறியதும் 'ஏரி வறண்டது, பறவைகள் இடம்பெயர்ந்தன' என்று இன்னொன்று வரும், அதோடு அந்த வருடத்துப் பறவைக் கணக்கு முடிந்துவிடும். அந்தப் படத்தில் இருப்பது பெரும்பாலும் நத்தைகுத்தி நாரையோ மஞ்சள்மூக்கு நாரையோதான். இரண்டும் நம் நாட்டிலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பவை, பாஸ்போர்ட் எல்லாம் கிடையாது. சரி, அதை விடுங்கள். எனக்கு வருத்தம் அந்த இரண்டாவது செய்தியில்தான்.

காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் ஊர் ஏரிக்கரையில் காலையில் நடந்துவிட்டுத்தான் கடை திறக்கப் போவேன். சின்ன ஏரி, பாரூர் பெரிய ஏரி மாதிரி பெயரெடுத்தது இல்லை. ஆனால் ஒரே இடத்தை எல்லா மாதமும் பார்ப்பதில் ஒரு லாபம் உண்டு, எது எப்போது வருகிறது என்பதோடு, எது எங்கேயும் போகாமல் இங்கேயே கிடந்து குடும்பம் நடத்துகிறது என்பதும் தெரிந்துவிடும். அப்படிப் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன், சித்திரை வைகாசியில் ஏரி காலியாக இருப்பதே இல்லை. அந்த நேரம்தான் உள்ளூர்ப் பறவைகளுக்குப் பிரசவ காலம்.

தண்ணீர் வற்றி வெடிப்பு விட்ட தரையில் ஆள்காட்டி (எங்கள் பக்கம் ஆக்காட்டி என்போம்) முட்டை வைக்கும். கூடு என்று எதுவும் கிடையாது, லேசான ஒரு பள்ளம், சுற்றி நாலு கூழாங்கல், அவ்வளவுதான். பெரும்பாலும் 4 முட்டை, மண் நிறத்தில் கரும்புள்ளி போட்டு இருக்கும், பக்கத்தில் நின்றாலும் கண்ணுக்குப் படாது. மதிய வெயிலில் முட்டை வெந்துவிடக் கூடாதென்று தாயும் தகப்பனும் மாறி மாறிப் போய் மீதமிருக்கிற குட்டையில் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து உட்காரும். கிட்டத்தட்ட 4 வாரம் இப்படிக் காத்தால்தான் குஞ்சு. இதே மாதங்களில் பச்சைப் பஞ்சுருட்டான் கரையோரத்து மண் சரிவில் கை விட்டாலும் எட்டாத ஆழத்துக்குப் பொந்து தோண்டி உள்ளே முட்டையிடும், வெண்மார்பு மீன்கொத்தியும் அப்படியேதான். பெரிய அணைகளில் தண்ணீர் இறங்கி மண்திட்டு தலைகாட்டும்போது ஆற்று ஆலா அதில்தான் முட்டை வைக்கும், அழியும் ஆபத்தில் இருப்பதாக உலக அளவில் பட்டியலிட்ட பறவை அது.

ஜேசிபி ஏரிக்குள் இறங்குவதும் சரியாக இந்த நேரத்தில்தான். வண்டல் எடுப்பதை நான் எதிர்க்கவில்லை, தப்பாக நினைக்க வேண்டாம். விவசாயிகளும் மண்பாண்டம் செய்கிறவர்களும் கட்டணம் இல்லாமல் எடுத்துக்கொள்ள அரசே வழி செய்திருக்கிறது, எங்கள் மாந்தோப்புக்கும் ஏரி வண்டல் போட்டிருக்கிறோம், ஏரி ஆழமானால் கிணற்றில் தண்ணீர் நிற்கும், யாருக்குக் கசக்கும்? வற்றிய ஏரியில்தானே மண் எடுக்க முடியும் என்பதும் தெரியும். ஆனால் எடுக்கிற விதம் இருக்கிறதே, கரையை ஒட்டிய சரிவைச் செங்குத்தாக வெட்டி, ஏரி முழுக்க ஒரே ஆழமாகத் தோண்டி, அடுத்த மழையில் ஏரி ஒரு பெரிய தொட்டியாகிவிடுகிறது. தொட்டியில் நீர்க்காகமும் முக்குளிப்பானும் பிழைக்கும். கணுக்கால் அளவு தண்ணீரில் நடந்து பூச்சி பொறுக்குகிற உள்ளான், நெடுங்கால் உள்ளான் எல்லாம் எங்கே நிற்கும்? நீங்கள் தை மாதம் படம் போடுகிற நாரைகளுக்கும் அந்த ஆழமில்லாத ஓரம்தான் சோற்றுத்தட்டு.

மற்ற மாதங்களும் சும்மா இல்லை. தென்மேற்கு மழை தொடங்கியதும் ஆண் தூக்கணாங்குருவி தலையும் மார்பும் மஞ்சளாகி, தண்ணீருக்கு மேல் தொங்கும் கருவேலங்கிளையில் பாதிக் கூடு பின்னிவிட்டுக் காத்திருக்கும், பெண் வந்து பார்த்துப் பிடித்தால்தான் மீதி வேலை. சுடலைக்குயில் கத்துவதும் அந்தச் சமயம்தான், அதன் வேலை தவிட்டுக்குருவி கூட்டில் திருட்டுத்தனமாக முட்டை வைப்பது. செப்டம்பர், அக்டோபரில் சாம்பல் வாலாட்டியும் பழுப்புக் கீச்சானும் வந்து சேரும், மின்கம்பியில் தகைவிலான் வரிசை கட்டும். அப்போதுதான் இமயமலை அடிவாரத்திலிருந்தும் மத்திய இந்தியாவிலிருந்தும் தெற்கே இறங்குகிற தோட்டக்கள்ளன் களைத்துப்போய் யார் வீட்டு வராண்டாவிலாவது விழும், 'ஊருக்குள் அதிசயப் பறவை' என்று அதற்கும் ஒரு செய்தி போடுவீர்கள். அதிசயம் ஒன்றுமில்லை ஐயா, அது வருடா வருடம் இதே வழியில் போகிற பறவை, பத்திரமாக ஒரு அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து வனத்துறைக்குச் சொன்னால் போதும் என்று சேர்த்துப் போட்டால் நாலு பேருக்கு உதவும். மாசி வாக்கில் மத்திய ஆசியாவிலிருந்து வந்த சோளப்பட்சிகள் கல்யாண முருங்கைப் பூவில் கூட்டமாக இறங்கிச் செய்கிற சத்தம் தனிக்கதை.

இதையெல்லாம் எழுதி வைப்பதால் என்ன பயன் என்று என் வீட்டிலேயே கேட்கிறார்கள். 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை 942 வகைப் பறவைகளை ஆராய்ந்து அதில் 178 வகைகளுக்கு உடனடிக் கவனம் தேவை என்று சொன்னது. அதற்கு ஆதாரம் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை பார்ப்பவர்கள், பார்த்த பறவைகளைப் பதிவு செய்கிற ஈபேர்ட் (eBird) என்ற இணையதளத்தில் போட்ட பட்டியல்கள். நம் தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பும் நடக்கிறது, 15 நிமிடம் ஒரு இடத்தில் நின்று பார்த்ததை எழுதினாலே சேர்த்துக்கொள்கிறார்கள். நல்ல விஷயம், ஆனால் பொங்கலோடு நோட்டை மூடிவிட்டால் ஆக்காட்டியின் முட்டை எந்தப் பட்டியலிலும் வராது.

அதனால் இரண்டு கேட்கிறேன். ஒன்று அதிகாரிகளுக்கு. வண்டல் எடுக்க அனுமதி தரும்போது கரைச் சரிவையும் ஆழமில்லாத ஒரு பக்கத்தையும் தொடக் கூடாது என்று எழுதியே கொடுங்கள், வண்டி இறங்கும் முன் ஊரில் ஆடு மாடு மேய்க்கிறவர்களைக் கூட்டிப்போய் முட்டை இருக்கும் இடத்தில் நாலு குச்சி நட்டுவிடுங்கள். எங்கே முட்டை இருக்கிறதென்று அவர்களுக்குத்தான் தெரியும். இரண்டாவது உங்களுக்கு. மாதம் ஒரு தடவை, ஒரு சின்னக் கட்டம், தருமபுரி கிருஷ்ணகிரி மாவட்ட ஏரிகளில் இந்த மாதம் என்ன என்று வாசகர்கள் எழுதுவதைப் போடுங்கள். ராமாக்காள் ஏரி பக்கம், பஞ்சப்பள்ளி அணைப் பக்கம் என்று பார்க்கிறவர்கள் கட்டாயம் இருப்பார்கள். முதல் கடிதத்தை வேண்டுமானால் நானே எழுதுகிறேன், ஆனால் தை மாதம் வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள், ஏப்ரலிலேயே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காவேரிப்பட்டணம் அருகில், கிருஷ்ணகிரி மாவட்டம்.