பேராசிரியர் பதவியும் கருப்பட்டிக் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணிகத் தகவல் அமைப்புத் துறையில் பேராசிரியராக, பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி முனைவர் பட்டம், 10 ஆண்டு அனுபவம், 10 ஆய்வுக் கட்டுரைகள், 120 ஆய்வு மதிப்பெண் வேண்டும். ஓட்டமெல்லாம் கட்டுரைக்குத்தான், சொந்த ஊர்க் கடைக் கணக்கை யார் பார்க்கிறார்கள்?

உடன்குடி கருப்பட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். கொள்முதல் சிப்பத்தில் (ஓலை, சாக்கு வைத்துக் கட்டிய மூட்டையில்), விற்பனை கிலோவில். சிப்பத்துக்குச் சிப்பம் எடை மாறும். மென்பொருளில் ஒரே எடையைப் போட்டு வைத்தால், சரக்கு கண்ணெதிரே கிடக்கும்போதே இருப்பு மைனஸில் போகும். வந்த அன்றே ஒவ்வொரு சிப்பத்தையும் நிறுத்து, ஓலை, சாக்கு எடையைக் கழித்து, நிகர எடையைக் கிலோவிலேயே ஏற்ற வேண்டும். ஐப்பசி மழை ஈரத்தில் இளகி வீணாவதைச் சேதாரமாகத் தனியே பதிய வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

அபிஷேகப்பட்டி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக மாணவர்களின் செய்முறைத் திட்டத்துக்கு திருநெல்வேலி டவுன் ரத வீதிக் கடை ஒன்று போதும்.

வணிகவியல் ஆசிரியர்கள் சிலர்,
பாளையங்கோட்டை