மழைக்குப் பிறகு வந்து எண்ணுங்கள்

மதிப்பிற்குரிய நிபுணர் மதிப்பீட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். மானூர் வட்டாரத்தில் எங்கள் ஊரை ஒட்டிய பொட்டலில் சுண்ணாம்புக்கல் சுரங்கம் தோண்டச் சுற்றுச்சூழல் அனுமதி கேட்கும் விண்ணப்பம் உங்கள் முன் இருக்கிறது. அதன் விவரம் எல்லாம் உங்களுக்குத் தெரியும். கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முன்பு கொடுத்த சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தில் ஒரு வரியைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்: "தாவரங்கள் மிகக் குறைவு, மேய்ச்சல் காணப்படவில்லை."

அந்த வரிக்கு அடிப்படையான தாவரக் கணக்கெடுப்பு பொட்டலில் நடந்தபோது நான் அங்கே இருந்தேன். சித்திரை மாதம், உச்சி வெயில். இரண்டு பேர் வந்தார்கள். மரத்துக்குப் பத்து மீட்டர், புதருக்கு ஐந்து மீட்டர், செடிக்கு ஒரு மீட்டர் என்று நைலான் கயிற்றால் சதுரம் போட்டார்கள். முறை சரிதான், குறை சொல்லவில்லை. ஒரு மீட்டர் சதுரத்துக்குள் வெடித்த மண்ணும் காய்ந்த கொழுக்கட்டைப்புல்லின் தூரும் கிடந்தன. எழுதிக்கொண்டார்கள். ஆட்டுக்கு உடைமரத்து நெற்று உலுக்க வந்திருந்த என் அத்தை அவர்களிடம், "மழ பெஞ்ச பொறவு வாங்கய்யா, அப்பந்தான் இங்க என்ன இருக்குன்னு தெரியும்" என்றார். சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அவர்கள் போன பிறகு அத்தை ஒரு உடைமரத்தடியில் குச்சியால் மண்ணைக் கிளறினார். ஒரு சாண் ஆழத்தில் கலப்பை போல வளைந்த கிழங்கு ஒன்று வந்தது. கலப்பைக்கிழங்கு, செங்காந்தளின் கிழங்கு. நம் மாநிலப் பூ. கோடை முழுக்க மண்ணுக்குள் கிடந்து, மழை விழுந்ததும் கொடியாக ஏறி, கார்த்திகையில் பூக்கும். அது விஷம், குட்டிகள் வாய் வைத்துவிடக் கூடாது. அதனால் எந்த மரத்தடியில் எத்தனை இருக்கிறது என்பது ஆடு மேய்க்கிறவர்களுக்கு அத்துப்படி. அறிக்கையின் பட்டியலில் செங்காந்தள் இல்லை. விஷ்ணுகிரந்தி இல்லை, ஓரிதழ்த்தாமரை இல்லை.

மேய்ச்சல் இல்லை என்று எழுதியதுதான் எங்களை அதிகம் வலிக்கச் செய்கிறது. மாசி, பங்குனியில் பிசான நெல் அறுவடை முடிந்ததும் ஆடுகள் வயலுக்குப் போய்விடும், அங்கேதான் கிடை. சித்திரையில் பொட்டலுக்கு வந்தால் ஆடு எப்படி இருக்கும்? ஐப்பசியில் நடவு தொடங்கினால் வயலில் ஆட்டைக் கால் வைக்க விட மாட்டார்கள். அப்போதிலிருந்து அறுப்பு முடிகிற வரை எங்கள் ஆடுகளுக்கு இந்தப் பொட்டலை விட்டால் வேறு இடம் கிடையாது. போன கார்த்திகையில் அத்தைக்குக் கால் சுளுக்கி, நான்கு நாள் ஆட்டைப் பொட்டலுக்குப் பத்த முடியவில்லை. குழை வெட்டிப் போட்டும் பற்றவில்லை. பால் வற்றி இரண்டு குட்டிகள் செத்துப்போயின. நான்கு நாளுக்கே இப்படி. பொட்டல் முழுக்கப் பள்ளமாகிவிட்டால் என்ன செய்வது?

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றுதான். மழைக்குப் பிறகு வந்து இந்தத் தாவரக் கணக்கெடுப்பை மறுபடி செய்யச் சொல்லுங்கள்.

விதிக்குப் புறம்பாக எதையும் கேட்கவில்லை. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி சுரங்கங்களுக்குக் கொடுக்கும் ஆய்வு வரையறையிலேயே மார்ச் முதல் மே, அக்டோபர் முதல் டிசம்பர், டிசம்பர் முதல் பிப்ரவரி என்று மூன்று பருவங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. ஏதாவது ஒன்றில் எடுத்தால் போதும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையை அதில் 'மழைக்குப் பிந்தைய' பருவம் என்கிறார்கள். திருநெல்வேலிக்கு மழையே அப்போதுதான்! தென்மேற்குப் பருவமழையை நம்பி வாழும் ஊர்களுக்குப் போட்ட நாள்காட்டியை எங்கள் தலையில் வைத்தால், எங்கள் நிலம் வருடம் முழுக்கத் தரிசாகத்தான் தெரியும். தரிசு என்று ஒருமுறை ஏட்டில் ஏறிவிட்டால் அப்புறம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கல் குவாரிக்குத் தரிசு, காற்றாலைக்குத் தரிசு, குப்பை கொட்டவும் தரிசு. இந்த மாவட்டத்தில் மலையடிவாரக் காட்டுக்கு இருக்கிற மதிப்பில் கால்வாசியாவது சமவெளிப் பொட்டலுக்கு யாராவது கொடுத்திருக்கிறார்களா? முழு அறிக்கையோ நூற்றுக்கணக்கான பக்கம், எல்லாம் ஆங்கிலத்தில். மேய்க்கிறவர் எதைப் படித்து எதை மறுப்பார்?

கோபத்தில் கொஞ்சம் விலகிப் போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சுரங்கம் வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்தைக் கூட்டத்தில் பேசிக்கொள்கிறோம். அதற்கு முன்னால் கணக்கு சரியாக இருக்க வேண்டும். கார்த்திகையில் ஒருமுறை, தையில் ஒருமுறை, அதே சதுரங்களை அதே இடங்களில் போட்டு எண்ணச் சொல்லுங்கள். சுற்றுவட்டப் பத்து கிலோமீட்டரில் ஆடு வைத்திருப்பவர்களைக் கேட்டு, எந்த மாதம் எங்கே மேய்க்கிறார்கள் என்பதையும் அறிக்கையில் சேர்க்கச் சொல்லுங்கள். அதுவரை இந்த விண்ணப்பத்தின் மேல் முடிவெடுக்க வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

உங்களில் யாராவது நேரில் வந்தால் இன்னும் நல்லது. காலை ஏழு மணிக்குள் வாருங்கள். அத்தை ஆடு பத்திக்கொண்டு போகும்போது கூடவே நடக்கலாம்.

இப்படிக்கு,
பொட்டலை நம்பி ஆடு வளர்க்கும் குடும்பங்களின் சார்பில் ஒருவன்
மானூர் வட்டாரம், திருநெல்வேலி