சொற்பொழிவுக் கூடத் தானியங்கி அமைப்பு: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புடைய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பொதுக்குழு ஒப்புதல் தந்தபடி, நமது சென்னைக் கூடத்தின் விளக்கு, திரை, ஒலி ஆகியவற்றைத் தானாக இயக்கும் திருப்பணி திருவருளால் நிறைவு பெற்றது. வரவு செலவுக் கணக்கு அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. கம்பி இழுக்கும் வேலை விரைவில் முடிந்துவிட்டது; எது நடந்தால் எது இயங்க வேண்டும் என்று முடிவு செய்வதற்குத்தான் நாள்கள் பிடித்தன.

கட்டடத்தின் மின்கருவிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்வதற்கான பொதுத் தரமாகிய கேஎன்எக்ஸ் (KNX) முறையைத் தேர்ந்தெடுத்தோம். 30 வோல்ட் நேர்மின்சாரம் ஓடும் மெல்லிய கம்பியில் சுவிட்ச், சென்சார், விளக்குக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலே எல்லாம் இணைந்திருக்கின்றன. ஒன்று செய்தி அனுப்பினால், அதற்கு உரியவை ஏற்றுச் செயல்படும். நடுவில் ஒரு கணினி இருந்து, அது பழுதானால் கூடமே நின்றுவிடும் என்ற அச்சம் இல்லை. பல நிறுவனங்கள் இதற்குக் கருவி செய்வதால் ஒருவரையே நம்பியிருக்கவும் வேண்டாம்.

சோதனை ஓட்டத்தின்போது திருவாசக முற்றோதலில் பின் வரிசை விளக்குகள் அணைந்துவிட்டன. பெரியவர்கள் கண்மூடி அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அகச்சிவப்பு சென்சார் உடல் வெப்பம் இடம் மாறுவதை மட்டுமே அறியும். அசையாதவர் அதன் கணக்கில் இல்லாதவர். 15 நிமிடம் பார்த்துவிட்டு அணைத்துவிட்டது. புத்தகம் பார்த்து ஓதிக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் இருட்டிலும் நிறுத்தாமல் மனப்பாடமாகத் தொடர்ந்தார். அந்தக் குரலைக் கேட்ட எங்களுக்கு, இதைச் சரிசெய்யாமல் பணி முடிந்தது என்று சொல்ல மனம் வரவில்லை.

மூச்சின் ஏற்ற இறக்கம் வரை உணரும் ரேடார் சென்சார் பொருத்தினோம். அது மின்விசிறியையும் ஆள் என்று எண்ணி, பூட்டிய கூடத்தில் இரவெல்லாம் விளக்கை எரியவிட்டது. விசிறிகள் அதன் பார்வையில் படாதபடி இடம் மாற்றி, உணர்திறனையும் குறைத்தோம். அதற்கு மேல் ஒரு விதி சேர்த்தோம்: ஆம்ப்ளிஃபயர் இயங்கும் வரை எந்த சென்சார் என்ன சொன்னாலும் விளக்கு அணையாது. ஓதுகிறவர் இருக்கிறார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்கவில்லை.

வாசல் விளக்குக்கு மாலை 6 மணி என்று வைத்திருந்ததையும் மாற்றினோம். சென்னையில் நவம்பர் இறுதியில் 5.40 மணி அளவில் மறையும் சூரியன் ஜூலைத் தொடக்கத்தில் 6.40 வரை நிற்கிறது. இப்போது நமது ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொண்டு கடிகாரமே அன்றாட மறைவு நேரத்தைக் கணக்கிடுகிறது. புரொஜெக்டரை இயக்கினால் அதன் 12 வோல்ட் வெளியீட்டைக் கொண்டு திரை இறங்கும். மேடையின் முன்விளக்குகள் மங்கும்.

மின்தடை நீங்கியதும் எல்லா விளக்கும் ஒருசேர எரிந்த குறையும் தீர்ந்தது. மின்சாரம் திரும்பும்போது என்ன செய்ய வேண்டும் என்பதை ஒவ்வொரு ரிலேயிலும் தனியே குறித்திருக்கிறோம்.

தீ எச்சரிக்கைக்கே முதலிடம். அது ஒலித்தால் மேடை மைக் அடங்கி, விளக்குகள் முழு வெளிச்சத்தில் எரியும். இதற்கான இணைப்பு எப்போதும் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் மூடிய சுற்று. கம்பி அறுந்தாலும் ஆபத்து என்றே எடுத்துக்கொள்ளும். கதவருகே உள்ள சுவிட்சை யாராவது அழுத்தினால், தீ எச்சரிக்கை தவிர மற்றத் தானியங்கி விதிகள் 2 மணி நேரம் விலகி நிற்கும்.

நிரல் முழுவதும் அடங்கிய திட்டக் கோப்பை ஒப்பந்தக்காரர் முதலில் தர மறுத்தார். அது கையில் இல்லாவிட்டால் ஒரு விளக்கின் நேரத்தை மாற்றக்கூட அவரையே அழைக்க வேண்டும். கோப்பு வந்த பிறகே இறுதித் தவணையைக் கொடுத்தோம். இரண்டு பிரதிகள் பொருளாளரிடம் இருக்கின்றன.

மார்கழி விடியற்கால வழிபாட்டுக்கான அமைப்பு மட்டும் இன்னும் கூட்டத்துடன் சோதிக்கப்படவில்லை. வாசலருகே ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். விளக்கோ ஒலியோ தவறாக இயங்கினால் நாள், மணி, அப்போது கூடத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை அதில் எழுதுங்கள்.

இங்ஙனம்,
திருப்பணிக் குழுவினர்