விரலில் ஒரு பட்டாணி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் நலம். அப்பா காலை நடை போய்விட்டு வந்து பேப்பரோடு உட்கார்ந்திருக்கிறார்.

போன வாரம் வீடியோ காலில் என் விரலில் புடைத்திருக்கும் முடிச்சைக் காட்டினேன். "ஹெபர்டன் முடிச்சும்மா. வயசானா வரும், ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டு டியூட்டிக்கு ஓடிவிட்டாய். யாரடி அந்த ஹெபர்டன் என்று கேட்க வாய் திறப்பதற்குள் போன் கட்டாகிவிட்டது. சரி, நாமே பார்ப்போம் என்று தேடினேன். இரண்டு மத்தியானத் தூக்கம் போனது.

வில்லியம் ஹெபர்டன், 1710இல் லண்டனில் பிறந்தவர். பதினாலு வயதில் கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக்குப் படிக்க வந்து, 1739இல் டாக்டர் பட்டம் வாங்கியிருக்கிறார். பத்து வருஷம் போல அங்கேயே வைத்தியம் பார்த்துக்கொண்டு, பையன்களுக்கு மருந்துச் சரக்குகளைப் பற்றிப் பாடமும் நடத்தினார். அந்தக் காலத்தில் எந்த விஷத்துக்கும் முறிவு என்று அறுபதுக்கு மேற்பட்ட சரக்குகளைப் போட்டு, விரியன் பாம்பின் இறைச்சிகூடச் சேர்த்து, ஒரு லேகியம் கிண்டுவார்களாம். ராஜாக்கள் காலத்திலிருந்து வந்த பெரிய பேர் அதற்கு. 1745இல் இவர் ஒரு சின்னப் புத்தகம் போட்டு, அந்த லேகியத்தில் சரக்கே இல்லை என்று எழுதிவிட்டார். 1748இல் லண்டன் போனார். ராணிக்கு வைத்தியராக 1761இல் கூப்பிட்டபோது வேண்டாம் என்றிருக்கிறார். ஆங்கில அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சனுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றபோது போய்ப் பார்த்தவர்களில் இவரும் ஒருவர்.

இதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்கும். என்னைப் பிடித்து உட்கார வைத்தது அவர் எழுதிய விதம்தான். என் வலது நடுவிரலில் நகத்துக்குக் கொஞ்சம் கீழே முடிச்சு இருக்கிறதே, அதன் பக்கத்தில் உரித்த பட்டாணி ஒன்றை வைத்துப் பார்த்தேன். அதே அளவு. அவரும் சின்னப் பட்டாணி அளவு என்றுதான் எழுதியிருக்கிறார். கவுட் என்கிற மூட்டு நோய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வந்தால் ஆயுசுக்கும் இருக்கும், பார்க்கத்தான் அழகில்லை, தொந்தரவு பெரிதாக இல்லை என்கிறார். அவர் ஒருநாளும் மல்லிகைப்பூ கட்டியதில்லை போல.

அப்புறம் நெஞ்சுவலி. அதைப் பற்றி எழுதியதை 1768இல் லண்டன் மருத்துவர்கள் சபையில் வாசித்துக் காட்டியிருக்கிறார். நடக்கும்போது, அதுவும் மேடு ஏறும்போது, சாப்பிட்ட கையோடு நடந்தால் இன்னும் சீக்கிரம், நெஞ்சில் ஒரு வலி. இன்னும் ஒரு அடி வைத்தால் உயிர் போய்விடும் என்று தோன்றும், நின்றால் போய்விடும். இதைப் படித்ததும் போனைக் கீழே வைத்துவிட்டேன். உன் அப்பா எத்தனை மாதம் மாடிப்படியின் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு "கேஸ்" என்று சொன்னார்! நானும் பெருங்காயத்தைக் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இதயத்து ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்த பிறகுதானே நமக்கு உறைத்தது.

வலிக்குக் காரணம் இதயத்து ரத்தக்குழாய் என்பது ஹெபர்டனுக்குப் பிடிபடவில்லை. ஏதோ இசிவு என்றே நினைத்தார். 1772இல் பேர் போடாமல் ஒருவர் அவருக்குக் கடிதம் எழுதினார்: எனக்கு இதே வலி இருக்கிறது, திடீரென்று செத்தால் உடலை அறுத்துப் பாருங்கள் என்று. மூன்று வாரத்துக்குள் செத்தும் போனார். அறுவை வைத்தியர் ஜான் ஹன்டர் அறுத்துப் பார்த்தார். ரத்தக்குழாய்களை மட்டும் திறந்து பார்க்கவில்லை. பேர்கூடச் சொல்லாமல் உடம்பைக் கொடுத்த அந்த மனுஷனை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தினம் அரைமணி நேரம் மரம் அறுத்தே ஒரு நோயாளிக்கு வலி ஏறக்குறைய போய்விட்டது என்றும் ஹெபர்டன் எழுதி வைத்திருக்கிறார். அப்பாவிடம் சொன்னேன். "மரத்துக்கு எங்கே போவது, தேங்காய் உரிக்கிறேன்" என்றார். இரண்டு காயோடு சரி.

ஹெபர்டன் நோயாளியின் அறையிலேயே, நோயாளி வாயாலோ கூட இருப்பவர் வாயாலோ கேட்டுக் குறித்துக்கொள்வாராம். மாதத்துக்கு ஒருமுறை அதையெல்லாம் திரும்பப் படித்து, உருப்படியானதை மட்டும் வேறொரு நோட்டில் நோய்வாரியாக ஏற்றுவாராம். எழுபது தாண்டியதும், 1782இல், என் பிள்ளைகளில் எவன் வைத்தியம் படிக்கிறானோ அவனுக்கு இந்தத் தாள்கள் என்று எழுதி வைத்தார். 1801இல் தொண்ணூறு வயதில் இறந்தார். மறு வருஷம் அதே பேருள்ள மகன் அதை அச்சில் கொண்டுவந்தான்.

நம் வீட்டில் வைத்தியம் படித்தது நீதான். கொடுக்க என்னிடம் தாள் எதுவும் கிடையாது. ஆனால் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்திருக்கிறேன்: எந்த விரல், காலையிலா ராத்திரியா, துணி பிழிந்த பிறகா, மழை நாளா என்று. நேற்று வரை ஒன்பது வரி ஆகியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது அரைமணி நேரம் ஒதுக்கி வை. வலது நடுவிரலில் இருந்து ஆரம்பிப்போம்.

அன்புடன்,
அம்மா